வியாபாரி கொடுக்க வேண்டியது மிச்சச் சரக்கையா?



டொலர் விலை, வற் வரி, திரும்பி வரும் காசோலை என்று வழக்கமாக இந்தப் பகுதியில் எழுதுபவன் நான். இம்முறை கூலியில்லாமல் செய்த ஒரு நாள் வேலையைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் வியாபாரம் சம்பந்தப்பட்டதுதான். கடைசி வரை வாசித்துவிட்டு, சம்பந்தமில்லை என்று தோன்றினால் தாராளமாக ஏசுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி மாவட்டத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர். வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு உயிர்கள் போகவில்லை. புயல் என்றால் கடலோர மக்களுக்குரிய விஷயம், மலை நாட்டவர்களுக்கு அது வராது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். தண்ணீர் என்றால் நமக்கு அக்குறணை பிங்கா ஓயாதான் ஞாபகம் வரும். அது ஏறும், கடைக்குள் வரும், இறங்கும், கழுவிவிட்டு மறுபடி திறப்போம். இம்முறை மலையே இறங்கி வந்தது. கடுகண்ணாவைப் பாதை அடைபட்டது. மகாவலி கம்பளை நகருக்குள் புகுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், பக்கத்து ஊரில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை.

முதல் வாரத்திலேயே ஒரு நிவாரண அமைப்புக்குக் காசோலை எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் சரக்கும் கொடுத்தனுப்பினேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று கல்லாவில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

என் மகள்தான் விடவில்லை. "வாப்பா, காசும் சாமானும் வந்துகொண்டே இருக்கிறது. எடுத்து அடுக்க ஆள்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு வாங்கொ" என்றாள். 2025 டிசம்பர் 14ஆம் திகதி போனேன்.

ஹாஜியாருக்குக் கதிரை இல்லை

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதி கட்டும் வேலை நடந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நான் போகும்போதே ஒரு கதிரை, ஒரு தேநீர், நாலு பேருடைய ஸலாம் ஆகியவற்றை எதிர்பார்த்துத்தான் போனேன். காசோலை கொடுத்தவன் அல்லவா?

வாசலில் ஒரு பிள்ளை நின்றது. பேராதனையில் படிக்கிற பிள்ளை. என் கடைசி மகளின் வயது இருக்கும். என் பெயரைக் கேட்டு ஒரு காகித அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திவிட்டு, "அங்கிள், உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்றது.

முப்பது வருடங்களுக்கு மேலாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "கடை வைத்திருக்கிறேன் மகள். மொத்த வியாபாரம்" என்றேன்.

"அப்ப நல்லம். அரிசி மேசைக்குப் போங்க" என்றது.

அரிசி மேசையில் சிங்களப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். எல்லோருக்கும் நல்ல மனது. ஆனால் ஒருவருக்கும் அரிசி அளக்கத் தெரியாது. 50 கிலோ மூட்டையை நடுவில் கிழித்து, பால்மா டின்னால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையில் நாலரைக் கிலோ, இன்னொன்றில் ஐந்தரை. ஒவ்வொருவரும் கையில் ஒரு பையுடன் அரிசி மேசை, பருப்பு மேசை, சீனி மேசை என்று சுற்றி நடந்தார்கள். ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் அறுபது பொதிதான் முடிந்தது.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. நம் கடைகளில் தினமும் செய்வதைச் செய்தேன். மேசைகளை ஒரே வரிசையாகப் போட்டு, ஆட்களை நிற்க வைத்து, பையை மட்டும் நகர வைத்தேன். ஒருவருக்கு ஒரு பொருள். அரிசி அடியில், டின்மீன் அதன் மேல், பிஸ்கட்டும் தேயிலையும் உச்சியில். சவர்க்காரம் தனிப் பையில். சவர்க்காரத்தோடு வைத்த மாவை யார் சாப்பிடுவார்? கடைசி மேசையில் ஒரு தராசு. முழுப் பொதி இவ்வளவு கிலோ என்று ஒரு தடவை நிறுத்து எழுதி ஒட்டிவிட்டால் போதும். நிறை குறைந்தால் உள்ளே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய அவசியமில்லை.

லுஹர் தொழுகைக்கு முன் மணித்தியாலத்துக்கு நூற்றி நாற்பது பொதி போனது. அந்தப் பிள்ளை வந்து, "அங்கிள், நீங்க முதல் நாளே வந்திருக்கலாமே" என்றது. அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. இரண்டு வாரங்களாக அந்தப் பிள்ளைகள் நள்ளிரவு வரை நின்று செய்த வேலையை, நம்மில் பத்துப் பேர் வந்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருக்கலாம். நாமோ காசோலையில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டில் இருந்தோம்.

ஒரு வாரப் பொதி எத்தனை நாளைக்கு?

பொதியின் மேல் 'ஒரு வாரத்துக்கான உலர் உணவு' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ மா, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, ஒரு டின்மீன், 400 கிராம் பால்மா, தேயிலை. நல்ல பொதிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அனர்த்த வேளையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 2,100 கலோரி உணவும், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாமாக 15 லீற்றர் தண்ணீரும் வேண்டும் என்பது சர்வதேச நிவாரண அமைப்புகள் ஏற்றுக்கொண்ட அளவு. நாலு பேருள்ள குடும்பத்துக்கு அப்படியானால் ஒரு நாளைக்கு 8,400 கலோரி. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,600 கலோரி. மாவிலும் பருப்பிலும் அதற்குக் கொஞ்சம் குறைவு, சீனியில் கொஞ்சம் கூட. எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் பொதி 32,000 கலோரியைத் தாண்டாது. நாலு பேருக்கு நாலு நாளைக்குக்கூடப் போதாது.

யாரும் ஏமாற்றவில்லை. யாரோ ஒருவர் 'ஒரு வாரம்' என்றார், எல்லோரும் அச்சடித்தார்கள். கடையில் 750 கிராமைப் பொதி செய்து ஒரு கிலோ என்று எழுதி விற்றால் நுகர்வோர் அதிகாரசபை வந்து நிற்கும். தர்மப் பொதியின் நிறையைக் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நிறுக்கத் தெரிந்தவர்கள் நாம்தானே.

மூலையில் கிடந்த பெட்டிகள்

இனி எழுதப் போவது எழுத மனமில்லாத விஷயம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் காலாவதி மேசையில் போட்டார்கள். வருகிற பெட்டிகளைத் திறந்து, திகதி பார்த்துப் பிரிக்கும் வேலை. அதில் என்னென்ன வந்தன தெரியுமா? வண்டு பிடித்த கடலை மா. நசுங்கி உப்பிய டின்மீன். ஒற்றைக் கால் செருப்புகள். கல்யாண வீட்டுக்குப் போடுகிற, மணி தைத்த ஒரு சேலை. ஏற்கெனவே பாவித்த பல்துலக்கும் தூரிகைகூட ஒன்று வந்திருந்தது.

பிஸ்கட் பெட்டிகள் பன்னிரண்டு ஒன்றாக இருந்தன. காலாவதித் திகதி 2025 டிசம்பர் 20. அன்று 14ஆம் திகதி. இன்னும் ஆறு நாள். பொதியில் போய், லொறியில் ஏறி, பாதை திறந்து, பிள்ளையின் கைக்குப் போகும்போது அது காலாவதியாகியிருக்கும்.

'எந்த மனிதன் இதை அனுப்பினான்' என்று வாய் திறக்கப் போன நேரத்தில் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். கறுப்பு மார்க்கரில் ஓர் எண்ணும் ஒரு வட்டமும். அது எங்கள் களஞ்சியத்துக் குறி. என் கடைப் பையனின் கையெழுத்து.

பையன் மீது பழி போட எனக்கு வழியில்லை. "மூலையில் கிடக்கிறதை எடுத்துக் குடுத்து விடு, புண்ணியமாவது கிடைக்கட்டும்" என்று சொன்னவன் நான்தான். என் வாயால் சொன்ன அதே வார்த்தைகள். அந்த பிஸ்கட்டைப் பாதி விலைக்கும் எடுக்க ஆளிருக்கவில்லை. கம்பனியும் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. கொட்டினால் நட்டம், கொடுத்தால் தர்மம் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பன்னிரண்டு பெட்டியையும் முழு விலை போட்டு என் கொடைக் கணக்கில் எழுதியும் வைத்திருந்தேன்.

மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற பையன், "யாரோ கடைக்குக் குப்பை அள்ள ஆள் தேடியிருக்கிறாங்க போல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. பெட்டிகளை நானே தூக்கிக் கழிவுப் பக்கம் வைத்தேன். அவற்றைப் பிரிக்கவும், தூக்கவும், வீசவும் அந்தப் பிள்ளைகளின் அரை மணித்தியாலம் போனது. அந்த நேரத்தில் எழுபது பொதி கட்டியிருக்கலாம். நான் கொடுத்த தர்மத்தின் நிகர இலாபம் அதுதான்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள நோயல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி அங்கே பயன்படாதது. அழிப்பதற்குத் தனிச் செலவு. நம் நாட்டுக்குக் குளிர்நாட்டுக் கம்பளி உடுப்புகள் வந்திறங்கின. அந்த நாட்களில் கண்டியிலிருந்து மகியங்கனைப் பதினெட்டு வளைவு இறங்கி மருதமுனைப் பக்கம் லொறியோடு போனவர்களில் நானும் ஒருவன். பாதையோரம் குவிந்து கிடந்த பழைய உடுப்புகளின் மேல் ஆடுகள் படுத்திருந்ததைப் பார்த்தவன். பார்த்தும் பாடம் படிக்கவில்லை.

"பொதி எனக்கு வேணாம் முதலாளி"

பிற்பகல் லொறியில் கம்பளைப் பக்கம் போனோம். பேராதனை, கெலிஓயா தாண்டிப் போகப் போகப் பாதையின் இரு பக்கமும் சேறு. கடைகளுக்கு முன்னால் ராக்கைகள், மேசைகள், நனைந்த மூட்டைகள்.

இறக்கிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சில்லறைக் கடை. அதன் சொந்தக்காரர் பதினெட்டு வருடமாக என்னிடம் சரக்கெடுப்பவர். சுற்றியுள்ள தோட்டத்துச் சனங்களுக்கு மாதச் சம்பளக் கணக்கில் கடன் கொடுத்து விற்பவர். அவரைக் கண்டதும் ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. பொதி எனக்கு வேணாம்" என்றார். "கடையைக் கழுவிட்டேன். பத்து மூட்டை அரிசி கடனுக்கு அனுப்புங்க. அது போதும்."

பிறகு லொறியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஆனா நீங்க இப்ப ஊருக்கெல்லாம் சும்மா குடுத்துட்டுப் போனா, இந்த மாசம் எங்கிட்ட அரிசி வாங்க யாரு வருவா?"

எனக்குப் பதில் வரவில்லை.

கடன் கொப்பியைக் காட்டினார். கூழாகிக் காய்ந்து ஒரு கல் மாதிரி இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் போய்விட்டது. ஆறு பேர் தாமாகவே வந்து தங்கள் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார்களாம். மற்றவர்கள் வரவில்லை. கடைக்குக் காப்புறுதி இருந்தது, ஆனால் தீக்கு மட்டும். வெள்ளத்துக்கு இல்லை.

சகோதரர்களே, இந்த மனிதர் நிவாரணப் பட்டியலில் எங்கே வருவார்? வீடு இடியவில்லை, ஆள் இறக்கவில்லை, கை நீட்டவும் மாட்டார். ஆனால் அவருடைய கடை மூடினால், நம் லொறி திரும்பிப் போன பிறகு அந்த ஊருக்குக் கடனுக்கு அரிசி கொடுக்க ஒருவரும் இல்லை.

முதல் பத்து நாள் பொதி வேண்டும். கடை திறக்க முடியாத, பாதையில்லாத, அடுப்பில்லாத நாட்களில் சமைத்த சாப்பாடும் தண்ணீரும் பொதியும்தான் உயிர். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பாதை திறந்து, ஊர்க் கடைக்காரன் சேற்றைக் கழுவி ராக்கையை நிமிர்த்திய பிறகும் வெளியூர் அரிசியை இலவசமாக இறக்கிக்கொண்டிருந்தால், வெள்ளத்துக்குத் தப்பிய வியாபாரத்தை நாம் மூழ்கடிக்கிறோம்.

அதன் பிறகு கொடுக்க வேண்டியது காசு. அல்லது அந்த ஊர்க் கடையிலேயே சாமான் வாங்கிக்கொள்ளும் கூப்பன். 'காசைக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள்' என்று நம்மில் பலர் சொல்வோம். சுனாமிக்குப் பிறகு உலக உணவுத் திட்டம் இதே இலங்கையில் சில குடும்பங்களுக்கு உணவுக்குப் பதிலாகக் காசு கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தது. காசு பெற்ற குடும்பங்கள் வெறும் அரிசி, மாவோடு நிற்காமல் பலவகை உணவுகளையும் வாங்கிச் சாப்பிட்டதாக அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். தன் வீட்டுத் தேவை தனக்குத்தான் தெரியும். இது நமக்குப் புதிதா? 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் கடைகள் எரிந்தபோது நமக்கும் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்தன. கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. ஆனால் சாம்பலுக்குப் பக்கத்தில் நின்ற வியாபாரிக்கு அன்று வேண்டியிருந்தது பார்சல் அல்ல. தவணைக்கு அவகாசமும் புதிய சரக்குக்குக் கடனும்தான்.

என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல யோசனை இருந்தால் எழுதுங்கள்.

ஒன்று, கேட்டுவிட்டுக் கொடுப்போம். லொறியை ஏற்றுவதற்கு முன், நிவாரணம் கொடுக்கும் அமைப்பிடமோ அந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரிடமோ, பள்ளிவாசலிடமோ விகாரையிடமோ கோவிலிடமோ ஒரு தடவை கேட்டால் போதும்.

இரண்டு, நம் வீட்டுக்கு எடுத்துப் போகாத பொருளைத் தர்மத்துக்கு அனுப்பக் கூடாது. காலாவதிக்கு மூன்று மாதமாவது இருக்க வேண்டும். மூலையில் கிடப்பதைக் கொட்டி, நட்டத்தை நட்டம் என்றே எழுதுவோம். நானும் என் கொடைக் கணக்கில் அந்தப் பன்னிரண்டு பெட்டியை வெட்டிவிட்டு நட்டத்தில் எழுதினேன். அதே தொகைக்குக் காசு கொடுத்தேன்.

மூன்று, ஆளைக் கொடுப்போம். களஞ்சியம் தெரிந்த ஒரு பையன், லொறி ஏற்றத் தெரிந்த ஒரு நாட்டாமை, கணக்கெழுதும் ஒரு பிள்ளை ஆகியோரைச் சம்பளத்தோடு ஒரு நாள் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள், கதிரையை எதிர்பார்க்காமல்.

நான்கு, பாதிக்கப்பட்ட ஊர்ச் சிறு வியாபாரிக்குப் பழைய பாக்கியைத் தள்ளி வைத்து, புதிய சரக்கை வட்டியில்லாக் கடனாக இறக்கிக் கொடுப்போம். விற்ற பிறகு தரட்டும். கர்ழ் ஹஸன் என்று மேடைகளில் பேசுவது இதைத்தான். ஸகாத் பெற உரித்துடையவர்களில் கடனாளிகளும் அடங்குவர் என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கவனிக்கலாம்.

ஐந்து, படம் பிடிக்காமல் கொடுப்போம். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பதாகையில் கடைப் பெயர் போடுவது விளம்பரம். விளம்பரச் செலவை விளம்பரக் கணக்கில் எழுதுங்கள்.

ஆறு, இன்றைக்கே உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். தீக்கு மட்டுமா, வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்ததா என்று பாருங்கள். கடன் கொப்பியை வாரத்துக்கொரு தடவை தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். படம் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

நான்காவதைச் சொல்லிவிட்டு நான் செய்ததைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. அந்தக் கம்பளைக்காரருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சரக்கு அனுப்பினேன். அவர் இதுவரை பாதிக்கு மேல் கட்டிவிட்டார். இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார். மூன்றாமவர் ஒரு சதமும் தரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. அவருக்கு என்ன கஷ்டமோ தெரியாது. மூன்றில் ஒன்று நின்றுவிட்டது என்பதற்காக இந்த யோசனை பிழை என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரண காலத்திலும் நம் கடன் கொப்பிகள் அப்படித்தானே இருக்கின்றன?

அந்த ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து காகித அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். இடுப்பு வலி. மகள் தேநீர் கொண்டுவந்து, "எப்படி வாப்பா இருந்தது?" என்றாள். பிஸ்கட் பெட்டிகளைப் பற்றி அன்று அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையில் வாசித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அட்டை இப்போது என் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. மூலையில் சரக்குத் தேங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன்.